விளக்கெண்ணெய் வளையம்

தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டாயிற்று. இனி அவர் வெளியே வரும் வரைக்கும் எனக்கு இந்தக் கட்டில் ஓரம்தான் கதி. ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்த ஈரோட்டில் கறிக்கடை வரிசையில் நிற்கிறவர்கள் இருப்பார்கள், ஊறவைத்த துணியோடு மல்லுக்கட்டுகிறவர்கள் இருப்பார்கள், புருஷன் போன குளியலறைக் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். விசிலை எடுத்துக்கொண்டாரா? எடுத்துக்கொண்டார், கழுத்தில் கறுப்புக் கயிறு தெரிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில், உள்ளே தாழ்ப்பாள் போடாதீர்கள், தலைசுற்றி விழுந்தால் நான் என்ன செய்வேன் என்று கேட்டதற்கு, ஆணியில் தொங்கிய விசிலை எடுத்து மாட்டிக்கொண்டு, விழுந்தா ஊதறேன் போ என்றார். பி.டி. மாஸ்டருக்கு எல்லாவற்றுக்கும் விசில்தான். இதுவரை ஊதவில்லை. ஊதிவிடுவாரோ என்று ஒவ்வொரு முறையும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இதோ குழாய் திறக்கிறது. முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம் ஹீட்டர் தண்ணீர் கொஞ்சம், அப்புறம் பிளாஸ்டிக் ஸ்டூலை இழுக்கிற கீச்சு. சத்தமெல்லாம் எனக்கு மனப்பாடம், பார்த்ததுதான் கிடையாது. எதிர்வீட்டில் மிக்ஸி ஓடுகிறது, தேங்காய்ச் சட்னியாக இருக்கும், அந்தம்மாவுக்கு இந்த நேரம் பார்த்துத்தானா அரைக்க வேண்டும், நடுவில் விசில் வந்தால் எனக்கு எப்படிக் கேட்கும். நின்றது. நல்லவேளை.

வயிற்றில் அரிக்கிறது. சொறியக் கூடாது. கொசுவத்துக்கு மேலே, தொப்புளுக்கு இடதுபக்கம், அவருக்கு இருக்கும் அதே இடத்தில் எனக்கும் ஒன்று ஒட்டியிருக்கிறது, அது அவருக்குத் தெரியாது. அதைப் பற்றி இப்போது நினைக்க வேண்டாம். அரிப்பு நினைக்க நினைக்கத்தான் கூடும். வேறு எதையாவது நினை மேகலா. ஓவியாவை நினை, திருச்சி ஹாஸ்டலில் இந்நேரம் எழுந்திருக்கவே மாட்டாள். ராத்திரி போன் செய்து அப்பா எப்படியிருக்கிறார் என்று கேட்டாள், நல்லா இருக்கார் என்றேன், அவரும் பக்கத்திலிருந்து நல்லா இருக்கேன் கண்ணு என்றார். எல்லாரும் நல்லாத்தான் இருக்கிறோம். தை மாதம் அவருக்கு மலக்குடலில் புற்று என்று வெட்டியெடுத்தார்கள். குடலின் முனையை வயிற்றில் ஒரு ஓட்டை போட்டு வெளியே இழுத்துத் தைத்து, அதன்மேல் ஒரு பையை ஒட்டி, இனி காலம் பூரா இப்படித்தான் என்று அனுப்பிவிட்டார்கள். ஆள் பிழைத்தாரே, அதற்கு நான் சென்னிமலைக்குப் படியேறி வந்தேன். ஆனால் அந்தப் பை சும்மா நிற்காது, வட்டமாக ஒரு வளையம் அதைத் தோலோடு ஒட்டிப் பிடித்திருக்கும். சில நாளுக்கொரு தரம் அந்த வளையத்தைப் பிய்த்தெடுத்துப் புதிதாக ஒட்ட வேண்டும். பிய்க்கும்போது தோலும் கூடவே வரும். ஒட்டாமல் விட்டால் ஒழுகும், ஒழுகினால் அந்தத் தோல் இன்னும் வெந்துபோகும், வெந்த தோலில் அடுத்த வளையம் சரியாக ஒட்டாது, ஒட்டாததால் மறுபடியும் ஒழுகும். ஆஸ்பத்திரி சிஸ்டர் அதைச் சிரித்த முகத்தோடு விளக்கினார், பாவம் அவரும் எத்தனை பேருக்கு விளக்குவார். ஆடிமாதம் வந்துவிட்டது, வெளியே காற்று இந்தப் பேயாட்டம் ஆடுகிறது, இத்தனை நாளில் அவர் வயிற்றை நான் பார்த்தது ஆஸ்பத்திரியில் அந்த சிஸ்டர் காட்டிக்கொடுத்தபோது மட்டும்தான். சிவப்பாக, ஈரமாக, ஒரு சின்னத் தக்காளி அளவுக்கு இருந்தது. எனக்கு அருவருப்பே வரவில்லை. அவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

எனக்கு அருவருப்பு வரவில்லை என்பது அவருக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் எப்படிச் சொல்வது. ஏனுங்க எனக்கு அருவருப்பெல்லாம் இல்லைங்க என்று எவளாவது போய்ச் சொல்வாளா, சொன்னாலே இருக்கிறது என்றுதானே ஆகும். வீட்டுக்கு வந்த முதல் நாள் நான் துண்டையும் வெந்நீரையும் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். அவர் கதவருகில் நின்று, நீ போய் காப்பி போடு மேகலா என்றார், தாழ்ப்பாள் விழுந்தது. காப்பி போட்டேன், ஆறிப்போய்க் கிடந்தது. அன்றிலிருந்து இதே கதைதான். வெட்கமா? இந்த மனுஷனுக்கா வெட்கம். டவுசர் போட்டுக்கொண்டு பள்ளிக்கூட மைதானத்தில் பையன்களோடு கபடி ஆடி, முட்டியெல்லாம் சிராய்த்துக்கொண்டு வந்து, மஞ்சள் வை மஞ்சள் வை என்று ஹாலில் காலை நீட்டுகிறவர். சரி, கௌரவமா? ஓவியா பிறந்தபோது எனக்குத் தையல் பிரிந்து நான் கிடந்த கிடப்பில் துணி மாற்றிவிட்டதே அவர்தான், என் அம்மாகூட முகம் சுளித்தாள், இவர் சுளிக்கவில்லை. நீங்கள் எனக்குச் செய்யலாம், நான் உங்களுக்குச் செய்யக் கூடாதா, இது எந்த ஊர் நியாயம். இப்படி நினைத்தாலே கோபம் வருகிறது. கோபம் வந்து என்ன, கதவைப் பார்த்துக் கோபப்படலாம். எனக்குத் தெரிவதெல்லாம் மிச்சம்மீதிதான். பவுடர் டப்பா சீக்கிரம் தீர்ந்துபோகிறது. பனியனில் அந்த இடத்தில் மட்டும் இளம் ரத்தக்கறை. குப்பைக்குப் போகும் பொட்டலத்தைப் பேப்பரில் சுற்றி, கேரி பேக்கில் போட்டு, அதை இன்னொரு கேரி பேக்கில் போட்டு முடிச்சுப் போட்டு, குப்பை வண்டி வரும்போது தானே கொண்டுபோய்க் கொடுக்கிறார். நான் கொண்டுபோகிறேன் என்றாலும் விடுவதில்லை. தண்ணீர் இன்னும் விழுந்துகொண்டுதான் இருக்கிறது.

நான் வேலை பார்க்கிற காலேஜ் லேப்பில் என்னை விளக்கெண்ணெய் மேடம் என்று கூப்பிடுகிறார்கள். எனக்குத் தெரியாது என்று நினைப்பு. கூப்பிடட்டும், நாள் பூரா அதிலேயே கை நனைத்துக்கொண்டிருக்கிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள். அவருக்கு ஆபரேஷன் ஆவதற்கு முன்னால் நான் தோல்செருப்புக்கு அடிப்பாகம் செய்கிற ரப்பர் வேலையில் இருந்தேன், அதில் எனக்கு ஒரு பெயரும் இருந்தது. மாசியில் போய், விளக்கெண்ணெயிலிருந்து மருத்துவத்துக்கு ஒட்டும் ஃபிலிம் செய்யப்போகிறேன் என்றதும் துறைத்தலைவர் அருளானந்தம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எதற்கு என்று கேட்கவில்லை, அவருக்குத் தெரியும். கடலை எண்ணெயிலும் தேங்காய் எண்ணெயிலும் இல்லாத ஒன்று விளக்கெண்ணெயில் உண்டு, அதன் மூலக்கூறு நடுவிலே ஒரு கையை நீட்டிக்கொண்டே இருக்கும். அந்தக் கைகளைப் பிடித்து ஒன்றோடொன்று கோத்துவிட்டால் எண்ணெய் எண்ணெயாக இருக்காது, வளையும், நீளும், ஒட்டும், ஒட்டியதை விடும். எவ்வளவு கோக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கூடிப்போனால் கட்டை, குறைந்துபோனால் பிசின். கண்ணாடித் தட்டில் ஊற்றி ஓவனில் வைத்துவிட்டு, சோறு கொதிக்கிறதா என்று பார்ப்பதுபோலப் போய்ப் போய்ப் பார்ப்பேன். மழை வந்தால் காற்றில் ஈரம் ஏறி ஃபிலிம் பூரா கொப்புளம் கொப்புளமாகிவிடும், தூக்கிப் போட வேண்டியதுதான். கடையில் வாங்குகிற வளையத்தில் பாதி பூமிக்கடியிலிருந்து உறிஞ்சின எண்ணெயில் செய்தது, மண்ணில் போட்டால் நமக்கு அப்புறமும் கிடக்கும். அவர் முடிச்சுப் போட்டுக் கொடுக்கிற ஒவ்வொரு பொட்டலமும் ஊருக்கு வெளியே எங்கோ அப்படியே கிடக்கிறது என்று நினைத்தால் எனக்கு என்னவோபோல இருக்கும், அவர் ஒளித்து வைக்க நினைப்பதுதான் சாகாமல் கிடக்கிறது. என் ஃபிலிம் மக்கும். வீட்டு மொட்டைமாடியில் செம்பருத்தித் தொட்டியில் துண்டு துண்டாகப் புதைத்து வைத்திருக்கிறேன், பங்குனியில் வைத்தது இப்போது தோண்டினால் சல்லடைக்கண்ணாகக் கையில் வருகிறது. அந்தத் தொட்டிக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுகிறவர் அவர்தான். எதற்கு என்று அவருக்குத் தெரியாது, செடி நல்லா வருது பார் என்கிறார்.

ஆக மக்குகிறது, வளைகிறது, நீளுகிறது, எல்லாம் சரி. ஒட்டியதை நோகாமல் விடுகிறதா? ஸ்டீல் தகட்டில் ஒட்டி இழுத்துப் பார்த்தோம், நம்பர் நன்றாக வந்தது. சந்தையில் பன்றித்தோல் வாங்கி, சுரண்டி, துடைத்து, ஒட்டி இழுத்துப் பார்த்தோம், அதுவும் நன்றாக வந்தது. அருளானந்தம் சாருக்கு ரொம்ப சந்தோஷம். மனுஷர்மேல் ஒட்டிப் பார்க்க வேண்டுமென்றால் அதற்கு ஒரு குழு இருக்கிறது, அவர்கள் உட்கார்ந்து பேசி அனுமதி கொடுக்க வேண்டும், அது வருகிறபோது வரும், பொறுமையாக இருங்கள் மேடம் என்றார். பொறுமையாகத்தான் இருந்தேன், புதன்கிழமை வரைக்கும். பன்றித்தோல் வலிக்கிறது என்று சொல்லுமா? தகடு குனிந்து நிமிருமா, வேர்க்குமா, பஸ்ஸில் நின்றுகொண்டு போகுமா? எல்லாரும் போனபிறகு கதவைச் சாத்திக்கொண்டு, பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து வயிற்றைப் பளிச்சென்று துடைத்து, ஆறவைத்து, இன்னொரு தரம் துடைத்து, வளையத்தை ஒட்டினேன். ஜில்லென்று இருந்தது. அவருக்கு ஒட்டுவதற்கு எனக்கு மனசு வரவில்லை, அது ஆசையில் செய்கிற பாவம், சரியாக வராவிட்டால் அந்த வெந்த தோலில் இன்னொரு புண். எனக்கு ஒட்டிக்கொள்ள யாரைக் கேட்க வேண்டும். வியாழக்கிழமை நன்றாகத்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை ஸ்கூட்டரில் உட்கார்ந்தால் மடிப்பில் விளிம்பு குத்தியது, பாவாடை நாடா போய் அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டது. நேற்றிலிருந்து அரிப்பு. இவர் இதை வெயிலில், பள்ளிக்கூடத்தில், ஸ்டாஃப் ரூம் மர நாற்காலியில், பாடவேளை பூராவும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லையே. மைதானத்துக்குப் போவதையே விட்டுவிட்டார். பையன்கள் ஏன் சார் வரவில்லை என்று கேட்டால், வெயில் சேரலைடா என்கிறாராம்.

ஆனால் ஒன்றை நான் யோசிக்கவே இல்லை, எனக்கு மூளை இருக்கிறதா இல்லையா. தூங்கும்போது அவர் கை என் வயிற்றின்மேல்தான் இருக்கும். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான், ஆபரேஷனுக்குப் பிறகும்கூட, அவர் மல்லாக்கப் படுத்துக்கொண்டு கையை மட்டும் இந்தப்பக்கம் போடுவார். அது ஒன்றுதான் மாறாமல் இருந்தது. கை பட்டால் வளையம் தெரிந்துவிடும், தெரிந்தால் கத்துவார், என்னை வைத்துச் சோதனை பண்ணாதே என்றால்கூடப் பரவாயில்லை, உன்னை வைத்து ஏன் பண்ணினாய் என்பார், அப்புறம் வளையத்தைப் பற்றிய பேச்சே வீட்டில் எடுக்க முடியாது. அதனால் புதன்கிழமை ராத்திரி நான் அந்தப்பக்கம் திரும்பிப் படுத்தேன். அவர் கை முதுகில் பட்டது, நான் இன்னும் கொஞ்சம் நகர்ந்தேன். வியாழக்கிழமையும் நகர்ந்தேன். வெள்ளிக்கிழமை அவர் கை வரவே இல்லை. நேற்று தலையணையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, இங்க புழுக்கமா இருக்கு, ஹால்ல படுத்துக்கறேன் என்று போய்விட்டார். ஆடிக்காற்று ஜன்னலைப் பிய்த்துக்கொண்டு வீசுகிறது, புழுக்கமாம். எனக்கு அப்போதுகூட உறைக்கவில்லை. ஆமாங்க ஹால்ல காத்து வரும் என்று வேறு சொன்னேன். காலையில் பல் தேய்க்கும்போதுதான் சுருக்கென்றது, இந்த மனுஷன் என்ன நினைத்துக்கொண்டு போயிருக்கிறார் என்று. நுரையோடு அப்படியே நின்றேன். அவர் வாசலில் பால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டிருந்தார், கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இன்றைக்கு அவர் வளையம் மாற்றுகிற நாள், மாற்றிவிட்டு வரட்டும், அப்புறம் நானே மெதுவாக என்னுடையதைப் பிய்த்து எடுத்து, நோகாமல் வந்தது பாருங்கள் என்று கையில் கொடுத்துச் சொல்லலாம் என்று ஒரு கணக்குப் போட்டேன். பெரிய கெட்டிக்காரி.

தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது. ஸ்டூல் சத்தமும் இல்லை. இப்போது பிய்த்துக்கொண்டிருப்பார், பிய்க்கும்போது எப்போதும் சத்தமே இருக்காது. ஒரு முனகல், ஒரு ஸ், எதுவும் வராது. பல்லைக் கடித்துக்கொண்டுதான் செய்வாராக இருக்கும். இல்லை, நேரம் கூடுதலாகிறதோ. விழுந்தால் விசில் ஊதுவாராம், விழுந்து மயங்கினவர் எப்படி ஊதுவார், இத்தனை நாளாக இந்தச் சின்ன விஷயத்தை நாங்கள் இரண்டு பேரும் பேசாமலே விட்டிருக்கிறோம். அடுத்த வாரம் ஸ்கேன். அதை நினைக்காதே. நினைக்காதே என்றால் அதுதான் முன்னால் வந்து நிற்கிறது. அந்த ஸ்கேன் மெஷின் குழாய்க்குள் படுத்தபடியே போவார், நான் வெளியே இரும்பு நாற்காலியில் அவருடைய வாட்சையும் மோதிரத்தையும் கையில் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், அப்போதும் ஒரு கதவுதான். எனக்கு விதித்தது கதவு போல. மறுபடியும் ஏதாவது இருக்கிறது என்று சொல்லிவிட்டால்? ஒன்றும் இருக்காது, டாக்டரே சொன்னார். டாக்டர் சொன்னதில் பாதி நான் கேட்டது, பாதி நானே சேர்த்துக்கொண்டது. ஒருவேளை ஏதாவது ஆகிவிட்டால், ஹாலில் தனியாகப் படுத்தது கடைசியாக, ஐயோ என்ன நினைப்பு இது, வாயைக் கழுவ வேண்டும். ஏனுங்க என்று கூப்பிட்டேன். ம் என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. ஒண்ணுமில்ல, சும்மாதான் என்றேன்.

இனி பொறுக்க முடியாது. அவர் வரும்போது இதைக் கையில் கொடுத்துவிட வேண்டும், பேச்சை அதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். நாடாவைத் தளர்த்திக்கொண்டு கீழே பார்த்தேன். ஃபிலிம் இன்னும் கண்ணாடிபோலத்தான் இருக்கிறது, உள்ளே தோல் தெரிகிறது. விளிம்பில் நகத்தைக் கொடுத்து நெம்பினேன். கொஞ்சம் எழும்பியது. பன்றித்தோலில் இப்படி எழும்பினால் அப்புறம் வாழையிலையை உரிப்பதுபோல வந்துவிடும். பிடித்து இழுத்தேன். வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தேன், தோல் கூடாரம்போல எழும்பிக்கொண்டு வருகிறது, வளையம் வருகிறதா தோல் வருகிறதா தெரியவில்லை, கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. நிறுத்தலாம் என்று பார்த்தால் பாதி பிய்ந்த இடம் எரிகிறது, விடவும் முடியவில்லை, ஒரேயடியாக இழுத்துவிடலாம் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தேன். ஐயோ அம்மா என்று கத்தியது நான்தான் என்று கத்தின பிறகுதான் தெரிந்தது.

தாழ்ப்பாள் படாரென்று திறந்தது. நான் குளியலறை வாசலைப் பார்த்தேன். இடுப்பில் ஈரத் துண்டு, கழுத்தில் விசில், ஒரு கையால் வயிற்றில் பாதி பிய்ந்து தொங்குகிற பையைப் பிடித்துக்கொண்டு அப்படியே ஓடிவந்து நின்றார். நான் விழுந்துவிட்டேன் என்று நினைத்திருப்பார், தரையைத்தான் முதலில் பார்த்தார். அப்புறம் என் முகத்தை, அப்புறம் என் வயிற்றை.

“இது என்ன மேகலா?”

நான் பண்ணின வளையம்ங்க, விளக்கெண்ணெயில் பண்ணினது, உங்களுக்காகத்தான், முதலில் எனக்கு ஒட்டிப் பார்த்தேன், புதன்கிழமையிலிருந்து இருக்கிறது என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். அழுகையும் கூடவே வந்தது, வலியில் வந்ததா வேறெதிலாவது வந்ததா என்று யாருக்குத் தெரியும். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

“புதன்கிழமையிலிருந்தா?”

“ஆமாங்க. கை பட்டா தெரிஞ்சிரும்னுதான் திரும்பிப் படுத்தேன்.”

“நான் வேற என்னமோ நினைச்சிட்டேன் கண்ணு” என்றார். “சரி, இழுக்காத. கையை எடு.”

உள்ளே போய் ஒரு மக்கில் வெந்நீரும் துணியும் எடுத்து வந்தார். தன்னுடைய பையை இன்னும் ஒரு கையால் பிடித்தபடியேதான், முதலில் உங்களுடையதைப் பாருங்கள் என்றால் கேட்டால்தானே. என் முன்னால் தரையில் உட்கார்ந்து, துணியை நனைத்து விளிம்பில் வைத்து, கொஞ்சம் பொறுத்து, வளையத்தை இழுக்காமல் என் கையால் பிடித்திருக்கச் சொல்லிவிட்டு, அதை ஒட்டியிருக்கிற தோலை விரலால் அமுக்கி அமுக்கிக் கீழே விட்டார். வளையம் இருந்த இடத்தில் இருக்கிறது, தோல்தான் அதை விட்டு இறங்குகிறது. இதை அவர் உள்ளே தனியாக உட்கார்ந்து தானே கண்டுபிடித்திருக்கிறார். அந்த விரல்கள் என் வயிற்றில் பட்டு நாலஞ்சு நாள் ஆயிற்று. எரிந்தது, எரியட்டும் என்று இருந்தேன். சுற்றிலும் தோல் வெள்ளையாக வறண்டு கிடந்ததை அவர் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

“இதுக்கு என்ன போட்டுத் தொடச்ச?”

ஸ்பிரிட் என்றேன். லேப்பில் எதை எதன்மேல் ஒட்டுவதாக இருந்தாலும் முதலில் ஸ்பிரிட் போட்டுத் துடைப்பதுதான் வழக்கம், தகடானாலும் பன்றித்தோலானாலும், அது கை தானாகச் செய்கிற வேலை. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். எனக்கு ஸ்பிரிட் போட்டா நான் விசில் ஊத வேண்டியதே இல்ல, தெருவே கூடிரும் என்றார். எனக்குத் தலையில் யாரோ குட்டினதுபோல இருந்தது. தோலில் இருக்கிற எண்ணெய்ப் பசையை எல்லாம் வழித்தெடுத்துவிட்டு ஒட்டினால் எதுதான் விடும், வலிக்கிற தோலில் ஸ்பிரிட் படவே போவதில்லை என்பதை இத்தனை மாதத்தில் ஒரு நாள்கூட நினைக்கவில்லையே, எல்லா நம்பரும் ஸ்பிரிட் போட்ட நம்பர். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வெறும் வெந்நீரில் துடைத்து, கொஞ்சம் குறைத்துக் கோத்து. அதற்காக எனக்கு வருத்தமே வரவில்லை என்பது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. வளையம் முழுசாக வந்துவிட்டது. சிவந்திருந்தது, இரண்டு இடத்தில் மேல்தோல் போயிருந்தது. அவர் வளையத்தை வெளிச்சத்தில் பிடித்து விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, நல்லா மெதுவாத்தான் இருக்கு என்றார், கடைக்காரரிடம் துணி வாங்குகிறவர் மாதிரி.

அப்போதுதான் பையிலிருந்து அவர் விரலிடுக்கில் கொஞ்சம் வழிந்தது. அதற்கு நேரம் காலம் கிடையாது, சிஸ்டர் சொல்லியிருக்கிறார். அவர் சட்டென்று எழுந்திருக்கப் பார்த்தார். நான் அதற்குள் அந்தத் துணியை வாங்கித் துடைத்துவிட்டேன், யோசிக்கவில்லை, கை தானாகப் போயிற்று. வெதுவெதுப்பாக இருந்தது. துணியை மடித்து மக்கில் போட்டேன். அவர் வயிற்றை இப்போதுதான் முழுசாகப் பார்க்கிறேன், அந்தச் சின்னத் தக்காளி அப்படியேதான் இருக்கிறது, சுற்றிலும் தோல்தான் வெந்து, உரிந்து, கறுத்துக் கிடக்கிறது. எனக்கு இரண்டே இடத்தில் போனதற்குத்தான் அந்தக் கத்து கத்தினேன்.

“எதுக்குங்க தாழ்ப்பாள் போடறீங்க?”

இத்தனை மாதம் வாயில் வைத்திருந்தது, அவ்வளவு சாதாரணமாக வந்துவிட்டது. அவர் விசில் கயிற்றைத் திருகிக்கொண்டே இருந்தார்.

“பிய்க்கறப்ப என் மூஞ்சி ஒரு மாதிரி போகும் மேகலா. கண்ணாடில பாத்திருக்கேன். அதைப் பாத்தா நீ சோறு திங்க மாட்ட. அவ்வளவுதான், வேற ஒண்ணுமில்ல.”

அவ்வளவுதானாம். நான் என்னென்ன நினைத்துக்கொண்டு இந்தக் கட்டில் ஓரத்தைத் தேய்த்திருக்கிறேன். வெட்கம் என்று நினைத்தேன், கௌரவம் என்று நினைத்தேன், என்மேல் நம்பிக்கை இல்லையென்றுகூட ஒரு நாள் நினைத்தேன். இந்த மனுஷன் என் சாப்பாட்டுக்காகத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறார். அப்படியானால் இப்போது என் மூஞ்சி எப்படிப் போனது என்று கேட்டேன். சகிக்கல என்றார். சிரித்துவிட்டோம், அவருக்குச் சிரித்தால் வயிறு வலிக்கும், பையைப் பிடித்துக்கொண்டே சிரித்தார்.

அப்புறம் எழுந்து உள்ளே போனார். ஸ்டூல் கீச்சிட்டது. நான் கட்டில் ஓரத்தில் பழக்கத்தில் உட்காரப் போனேன். தாழ்ப்பாள் சத்தத்துக்காகக் காது தானாகக் காத்திருந்தது. வரவில்லை. கதவு பாதி திறந்தபடியே காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

“வெந்நி ஆறிப்போச்சு பாரு. வேற கொண்டா.”

கொண்டுபோனேன். குளியலறை இரண்டு பேருக்குக் காணாது, நான் கதவு நிலையில் சாய்ந்து நின்றுகொண்டேன். விசிலைக் கழற்றி என் கையில் கொடுத்தார், நான் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். தொங்குகிற பாதி வளையத்தின் விளிம்பில் ஈரத்துணியை வைத்தார், பொறுத்தார், விரலால் தோலை அமுக்க ஆரம்பித்தார். முகம் ஒரு மாதிரிதான் போனது. உதடு ஒருபக்கமாக இழுத்துக்கொண்டது, கழுத்து நரம்பு எழும்பியது, கண்ணை மட்டும் மூடவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவரும் என்னைப் பார்த்தபடியேதான் பிய்த்தார்.